தனியார் கெம்பஸ்: தோட்டத்துப் பிள்ளைக்கு உண்மையில் எவ்வளவு முடியும்?

ஏஎல் (உயர்தரப் பரீட்சை) ரிசல்ட் வந்து அரச பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியும் வெளியானால் அந்த மாதம் முழுக்க என் வட்ஸ்அப்பில் ஒரே கேள்விதான். "அண்ணா, தனியார் கெம்பஸ்ல படிச்சா வேலை கிடைக்குமா?" கேட்பவர்கள் பெரும்பாலும் மலையகத்தில் தலவாக்கலை, அட்டன், பொகவந்தலாவைப் பக்கத்துத் தம்பி தங்கச்சிமார், சிலநேரம் அவர்களுடைய அம்மாமார். நானும் அந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, மாலபேப் பக்கம் ஒரு தனியார் நிறுவனத்தில் ஐடி படித்து, இப்போது கொழும்பில் ஒரு மென்பொருள் கொம்பனியில் இருக்கிறேன். அதனால் சட்டென்று "கிடைக்கும், சேருங்க" என்று சொல்வேன் என எதிர்பார்க்கிறார்கள். வேலை கிடைக்கும்தான். அந்த வேலை வரும்வரைக்கும் வீடு தாங்குமா, வந்த பிறகு போட்ட காசு எத்தனை வருடத்தில் திரும்பும் என்ற இரண்டையும் நான் திருப்பிக் கேட்பேன். பாதிப் பேர் அதோடு பேச்சை நிறுத்திவிடுவார்கள். மிச்சப் பேருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் காசு. கல்விக் கண்காட்சியில் தரும் பளபளப்பான புத்தகத்தில் போட்டிருக்கும் கட்டணம், பின்னேரம் வகுப்பு முடிந்து சொந்த வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும் பிள்ளைக்கான கணக்கு. மகரகமையிலோ தெஹிவளையிலோ வீடு இருப்பவருக்கு அது சரி. நமக்கு அது பாதிக் கணக்குத்தான். ஒரு பட்டத்துக்கு 15 லட்சம் என்று வைத்துக்கொள்வோம் (பாடத்தையும் நிறுவனத்தையும் பொறுத்து இதைவிடக் குறைவாகவும் இருக்கும், இரண்டு மடங்காகவும் போகும்). போர்டிங், சாப்பாடு, பஸ், டேட்டா எல்லாம் சேர்த்து மாதம் 35,000 என்று சிக்கனமாகவே போட்டாலும் மூன்று வருடத்துக்கு 12 லட்சத்து 60 ஆயிரம். ஒரு லெப்டொப்பும் வாங்கினால் மொத்தம் 30 லட்சத்துக்குக் கிட்ட வந்து நிற்கும். நான்கு வருடப் பட்டமென்றால் இன்னும் மேலே. இதை ஒரு கொப்பியில் எழுதி அப்பா அம்மாவுக்குக் காட்டுங்கள். கட்டணத்தை மட்டும் சொல்லி சம்மதம் வாங்காதீர்கள், இரண்டாம் வருடத்தில் வீட்டில் சண்டை வருவது அதனால்தான்.

மறுபக்கம் வருமானம். 2024 இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று தீர்மானித்தார்கள். அந்தச் சம்பளத்தில் ஒருவர் மாதம் 25 பேர் (ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர்) போட்டால் 33,750. அதில் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) 8 சதவீதம் கழிந்தால் 31,050. அப்பாவும் அம்மாவும் இரண்டு பேருமே வேலைக்குப் போனால் 62,100. மழை, காய்ச்சல், வேலை குறைந்த மாதம், தீபாவளி முற்பணக் கழிவு எதுவுமே இல்லாத மாதத்தின் கணக்கு இது. அப்படி ஒரு மாதம் வருடத்தில் எத்தனை தடவை வரும் என்று உங்களுக்கே தெரியும். அதிலிருந்து 35,000 போர்டிங்குக்குப் போனால் வீட்டில் மற்றவர்கள் எதை வைத்துச் சாப்பிடுவது, கெம்பஸ் கட்டணத்தை எதை வைத்துக் கட்டுவது? ஆகவே பட்டத்துக்கான காசு சம்பளத்திலிருந்து வராது. நகையிலிருந்தும், சீட்டிலிருந்தும், வெளிநாட்டில் இருக்கும் சித்தியிடமிருந்தும், அம்மாவின் ஈபிஎஃப்பிலிருந்தும்தான் வரும்.

அந்த ஈபிஎஃப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் அந்தக் காசை எடுக்கலாம். அதற்கு முன்னால் எடுப்பதென்றால் 30 சதவீதம் வரைக்கும் வீட்டுக்கும் வைத்தியச் செலவுக்கும் வழி இருக்கிறது, படிப்பு அந்தப் பட்டியலில் இல்லை. எங்கள் பக்கம் பல குடும்பங்களில் அம்மாவுக்கு 50 ஆகும் வருடமும் மூத்த பிள்ளை ஏஎல் முடிக்கும் வருடமும் ஏறக்குறைய ஒன்றாக வருகிறது. காசு கைக்கு வந்ததும் நேரே பதிவுக் கட்டணத்துக்கும் முதல் வருடக் கட்டணத்துக்கும் போய்விடும். நான் சொல்வது, அதை மட்டும் முதல் வருடத்தில் தொடாதீர்கள். முதல் வருடத்துக்கு உதவ ஆள் கிடைக்கும். பிள்ளை கெம்பஸ் போகிறான் என்றால் மாமா தருவார், கோயில் கமிட்டியில் தருவார்கள், பழைய டீச்சர் ஒருவர் தருவார். மூன்றாம் வருடத்தில் யாரும் தரமாட்டார்கள், எல்லோரும் "இன்னும் முடியலையா" என்றுதான் கேட்பார்கள். என்னோடு படித்தவர்களில் இடையில் நின்றவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வருடக் கடைசியிலும் மூன்றாம் வருடத் தொடக்கத்திலும்தான் நின்றார்கள், படிப்பு ஏறாமல் அல்ல, தவணை கட்ட முடியாமல். ஈபிஎஃப் காசு அந்தக் கடைசி வருடத்துக்காக நிலையான வைப்பில் கிடக்கட்டும்.

இதையொட்டி, சேருவதற்கு முன்னாலேயே கேட்டு எழுத்தில் வாங்க வேண்டிய ஒரு பதில் உண்டு: இரண்டாம் வருடத்தோடு நிறுத்தினால் கையில் என்ன கிடைக்கும்? சில இடங்களில் டிப்ளோமாவோ உயர் டிப்ளோமாவோ தருவார்கள். சில இடங்களில் மார்க்ஸ் ஷீட்டைத் தவிர ஒன்றும் கிடையாது. போட்ட 15, 20 லட்சமும் ஒரு கடுதாசியாகக்கூட மாறாமல் போவது இப்படித்தான். அப்படியே ரிப்பீட் பாடத்துக்கு எவ்வளவு, தவணை பிந்தினால் தண்டம் எவ்வளவு, கட்டாவிட்டால் பரீட்சை எழுத விடுவார்களா என்பதையும் கேளுங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டம் என்றால் கட்டணத்தின் எந்தப் பகுதி பவுணிலோ டொலரிலோ, எந்தப் பகுதி ரூபாயில் என்று கட்டாயம் கேட்க வேண்டும். 2022 இல் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 350 ஐத் தாண்டியபோது, அதுவரை ஒழுங்காகக் கட்டிவந்த குடும்பங்கள் மிச்சக் கட்டணத்தைப் பார்த்துத் திகைத்துப்போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

சரி, வரவுப் பக்கம். பட்டம் முடித்து முதல் வேலையில் 80,000 கிடைக்கிறது என்று தாராளமாகவே வைப்போம். கொழும்பில் தங்கி வேலைக்குப் போய்வர 45,000, வீட்டுக்கு 15,000, மிச்சம் 20,000. வருடத்துக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். 30 லட்சத்தைத் திருப்ப 12 வருடத்துக்கு மேல். அதுவும் வட்டியில்லாமல்! முதல் சம்பளத்தை மட்டும் பார்த்தால் யாருமே சேரமாட்டார்கள். அதனால் நான் பார்க்கச் சொல்வது அந்தத் தொழிலில் மூன்றாவது நான்காவது வருடத்துச் சம்பளத்தை. மென்பொருள் துறையில் ஆள் கெட்டிக்காரனாக இருந்தால் அதற்குள் சம்பளம் நன்றாக ஏறிவிடும், கொம்பனி மாறும்போதும் ஏறும், பட்டம் எங்கே வாங்கினாய் என்று இரண்டாவது வேலைக்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. கணக்கியலிலும் இதே மாதிரிதான், ஆனால் அங்கே தனியார் பட்டத்தைவிட சிஏ அல்லது ஏஏடி பரீட்சைகளை வேலை செய்துகொண்டே எழுதுவது நம்மைப் போன்றவர்களுக்கு மலிவு. பொதுவான மேனேஜ்மென்ட் பட்டத்தில்தான் எனக்கு நம்பிக்கை குறைவு. மூன்று வருடம் படித்துவிட்டு வங்கியிலோ லீசிங் கொம்பனியிலோ சேர்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், ஏஎல்லோடு அதே இடத்தில் சேர்ந்தவர் அதற்குள் ஒரு பதவி உயர்வு வாங்கியிருப்பார்.

இன்னொன்று, படிப்பின் நடுவிலேயே சம்பாத்தியம் தொடங்குமா என்பது. தொழிற்பயிற்சி பாடத்திட்டத்துக்குள்ளேயே இருக்கிறதா, மூன்றாம் வருடத்தில் வருகிறதா, கொடுப்பனவு உண்டா? எனக்கு ட்ரெய்னிங் காலத்தில் மாதம் 25,000 தந்தார்கள். பெரிய காசு இல்லை, ஆனால் அந்த மாதத்திலிருந்து போர்டிங் காசுக்காக வீட்டுக்கு போன் எடுப்பதில்லை. பயிற்சி முடிந்து அங்கேயே நிரந்தரமாக எடுத்தால் பட்டம் கைக்கு வர முன்பே சம்பளம் வந்துவிடும். சனி ஞாயிறு வகுப்பு நடத்தும் இடமாக இருந்தால் இன்னும் நல்லது, வாரநாளில் வேலை பார்க்கலாம்.

ஆசிரியர் நியமனம், அரச அலுவலக வேலை என்று மனதில் இருந்தால் வேறு கதவுகளைத் தட்டிப் பாருங்கள். பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரிக்குத் தெரிவானால் செலவு மிகக் குறைவு, முடித்தால் நியமனம். என் சித்தப்பா மகள் அப்படித்தான் போனாள், நான் முதல் சம்பளம் எடுக்கும்போது அவள் ஏற்கனவே படிப்பித்துக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பதென்றால் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது, கண்டியில் அதன் பிராந்திய நிலையம் இருக்கிறது. ஐடிதான் வேண்டுமென்றால் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கற்கைகள் நிறுவகத்தின் வெளிவாரிப் பட்டமான பிஐடி இருக்கிறது, வீட்டிலிருந்தே படித்துப் பரீட்சை எழுதலாம். கஷ்டம்தான், இடையில் விடுபவர்களும் அதிகம், ஆனால் தோற்றால் 30 லட்சம் போகாது.

மருத்துவம் மாதிரி, பதிவு இல்லாமல் தொழில் செய்யவே முடியாத துறைகளில் இன்னும் கவனம். மாலபேயில் இருந்த சைட்டம் என்ற தனியார் மருத்துவக் கல்லூரியின் மாணவர்களுக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும். இலங்கை மருத்துவ சபையில் பதிவதா இல்லையா என்று வழக்கும் போராட்டமுமாக வருடங்கள் ஓடின, 2017 இல் அரசாங்கம் அதை மூடுவதாக அறிவித்தது, பிறகு மாணவர்களைக் கொத்தலாவல பல்கலைக்கழகத்துக்கு மாற்றினார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் அந்த இடைவெளியைத் தாங்கினார்கள். நமக்கு அப்படி ஒரு வருடம் கூடத் தாங்காது.

அங்கீகாரம் பார்க்கும்போது நிறுவனத்தின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் அங்கீகாரம் கிடைப்பது பட்டத்துக்குப் பட்டம் தனித்தனியாக. ஒரே கட்டடத்தில் நடக்கும் ஒரு பட்டம் பட்டியலில் இருக்கும், பக்கத்து வகுப்பு இருக்காது. நீங்கள் சேரப்போகும் பட்டத்தின் முழுப் பெயரையும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. "விண்ணப்பித்திருக்கிறோம், சீக்கிரம் வந்துவிடும்" என்று கெம்பஸில் ஆள் சேர்க்கும் கவுன்சிலர் சொன்னால் வந்த பிறகு சேருங்கள்.

நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மாவட்டப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு விஷயம். விஞ்ஞானம், வர்த்தகம் போன்ற பிரிவுகளில் அரச பல்கலைக்கழக அனுமதியின் 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில், அதற்கு மேலே 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நம்முடைய இந்த மூன்றும் அதற்குள் வருகின்றன, கண்டியும் மாத்தளையும் வராது. மூன்று தடவை பரீட்சை எழுத இடமும் இருக்கிறது. வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம்தான் குறைந்தது என்றால், 30 லட்சத்தைத் தேட ஓடுவதைவிட இன்னொரு தடவை எழுதுவது எவ்வளவோ மேல். ஒரு வருடம் போய்விடுமே என்று அழுகிறார்கள். போகட்டுமே! கொழும்பில் உள்ள பிள்ளைக்கு இல்லாத ஒரு சலுகை நமக்கு இருக்கிறது, அதைப் பாவிக்காமல் விட்டுவிட்டு அந்தப் பிள்ளைக்காகப் போட்ட கட்டணத்தை ஏன் கட்ட வேண்டும்?

இதையெல்லாம் பார்த்த பிறகும் தனியார்தான் என்று முடிவெடுத்தால், 2017 இல் தொடங்கிய வட்டியில்லா மாணவர் கடனை முதலில் பாருங்கள். ஏஎல்லில் ஒரே தடவையில் மூன்று பாடமும் சித்தியடைந்து அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கான திட்டம் அது. தெரிவு செய்யப்பட்ட நிறுவனங்களின் குறிப்பிட்ட பட்டங்களுக்கு மட்டும்தான், வட்டியை அரசு கட்டும், வாங்கிய கடன் தொகையை நீங்கள் படிப்பு முடிந்த பிறகு கட்ட வேண்டும். விண்ணப்பம் கோரும் திகதியைத் தவறவிட்டால் அந்த வருடம் போச்சு. அதனால் கெம்பஸில் பதிவுக் கட்டணம் கட்ட முன்னால் கடன் அறிவித்தல் எப்போது வருமென்று விசாரியுங்கள். "இந்த வெள்ளிக்கிழமைக்குள் சேர்ந்தால் கழிவு" என்பார்கள், அடுத்த மாதமும் அதே கழிவு இருக்கும்.

ரிசல்ட் வரும்வரையுள்ள மாதங்களில் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். தமிழில் ஏஎல் எழுதிய பிள்ளை முதல் செமஸ்டரில் விழுவது கணக்கிலோ கோடிங்கிலோ அல்ல, அசைன்மென்ட் எழுதுவதில்தான். விழுந்தால் ரிப்பீட் கட்டணம், அதாவது அம்மாவின் இன்னும் பல பேர்.

கடைசியாக, யாரிடம் விசாரிப்பது என்று கேட்பவர்களுக்கு: கவுன்சிலரையும் விடுங்கள், என்னையும் விடுங்கள். அதே பட்டத்தை இரண்டு வருடத்துக்கு முன்னால் முடித்த, நம்மைப் போல போர்டிங்கில் இருந்து படித்த ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். எங்கே ட்ரெய்னிங் கிடைத்தது, இப்போது கையில் எவ்வளவு வருகிறது, வீட்டுக் கடன் எவ்வளவு மிச்சம் என்று நேரடியாகக் கேளுங்கள். நம் பக்கத்து ஆள் என்றால் சொல்வார்.