சிவக்காத உலோகம்

யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கில் செயின் அறுந்தால் பெரும்பாலும் பின்னால் விழுந்து ரோட்டோடு போய்விடும். சில நேரம் முன் பல்சக்கரத்தில் சுருண்டு, சக்கரத்துக்கும் சேம்பருக்கும், அதாவது இன்ஜினின் இரண்டு பாதியாகச் சேரும் ஓட்டுக்கும், நடுவில் போய் இறுகிக்கொள்ளும். செயின் எஃகு, சேம்பர் அலுமினியம். எது உடையும் என்று சொல்ல வேண்டியதில்லை. சம்பா நடவு சமயத்தில் வயல் சேற்றோடு ஓட்டி, எண்ணெய் காட்டாமல் விட்ட வண்டிகள்தான் இப்படி அதிகம் வரும்.

கும்பகோணத்தில் ஆர்கான் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன், ஆர்கான் வாயுவின் காப்பில் மின்பொறியால் உலோகத்தை உருக்கி ஒட்டுகிற வேலை. ஒரு ஐப்பசி மாதம், வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் சேம்பரைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். இடது பாதி. பல்சக்கரத்துக்குப் பின்னால் விரல் நீளத்துக்கு வெடிப்பு. அதன் மேல் யாரோ பசையைக் குழைத்து அப்பியிருந்தார்கள். வெடிப்பு கியர் பக்கம் இருந்தது அவர் அதிர்ஷ்டம், ஆயில் ஒழுகுவதோடு போயிற்று. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் பக்கம் வெடித்தால் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், பெட்ரோல் கலவை மெலிந்துபோய் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

"வேற சேம்பர் கிடைச்சா மாத்திடலாமே அய்யா?"

"நம்பர் இதுலதானே தம்பி இருக்கு!"

அதுவும் சரிதான். இன்ஜின் நம்பரை சேம்பரில்தான் அடித்திருப்பார்கள், ஆர்.சி. புத்தகத்திலும் அதே நம்பர். மாற்றினால் ஆர்டிஓ ஆபீஸுக்கு அலைய வேண்டும். ஒரு பாதியை மட்டும் மாற்றலாம் என்றால் அதுவும் நடக்காது. இரண்டு பாதியும் ஜோடியாகச் சேர்த்துக் கடைந்தவை. வேறு வண்டியின் பாதியை வைத்தால் பேரிங் நேராக உட்காராது. தயாரிப்பு 1996-லேயே நின்றுபோன வண்டி வேறு.

"நாத்துக்கட்டு ஏத்தணும், நாளைக்கே வேணும்" என்றார். அங்கேதான் நான் தப்பு செய்தேன். பசையைக் கிரைண்டரில் எடுத்தேன், பெட்ரோலில் கழுவினேன், உடனே ஆர்க்கை, அந்த மின்பொறியை, காட்டிவிட்டேன். உலோகம் ஓடுவதற்குப் பதிலாகக் கொதித்தது. மிளகுத்தூள் தூவிய மாதிரி கறுப்பும், கடற்பஞ்சு மாதிரி ஓட்டைகளுமாக வந்து நின்றது. வார்ப்பு அலுமினியத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. முப்பது வருட ஆயில் அதில் ஊறிப்போயிருந்தது, மிச்சம் இருந்த பசையும் சேர்ந்து எரிந்திருந்தது. எனக்குத் தெரியாத விஷயமில்லை. அவசரம், அவ்வளவுதான்.

வைத்ததையெல்லாம் குடைந்து எடுத்தேன். பேரிங்கையும் ஆயில் சீலையும் கழற்றியாயிற்று. அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் துளையிலிருந்து கறுப்பாக எண்ணெய் கசியும். துடைத்து, மறுபடி சூடாக்கி, மறுபடி துடைத்து, ஐந்தாவது தடவைதான் துணியில் கறை ஒட்டவில்லை. உள்பக்கம் மண்ணெண்ணெய் தடவி வெளியே சாக்பீஸ் தூளைப் பூசினேன். வெடிப்பு எதுவரை ஓடுகிறது என்று ஈரக்கோடாகத் தெரிந்தது. நான் முதலில் பார்த்ததைவிட அரை அங்குலம் கூடுதல். வெடிப்பு மேலே ஓடாமல் இரண்டு முனையிலும் 3 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு நிறுத்திவிட்டு, நடுவே வாய்க்கால் மாதிரி சரிவாக வெட்டிக்கொண்டேன்.

என் தாத்தா பித்தளைப் பாத்திரப் பட்டறையில் இருந்தவர். தீயின் நிறம், உலோகத்தின் நிறம் பார்த்தே பதம் சொல்வார். அலுமினியத்திடம் அந்த வித்தை பலிக்காது. அது சிவக்காது. 660 டிகிரியில் உருகும், அதன் மேல்தோலான ஆக்சைடு உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். தோல் அப்படியே நிற்க, உள்ளே தண்ணீராகிப் பொத்தென்று விழுந்துவிடும். கேஸ் வெல்டிங் பழகும்போது ஒரு புல்லட்டின் செயின் கவரை அப்படித் தரையில் கொட்டியிருக்கிறேன். அன்று மேஸ்திரி திட்டவில்லை. ஒரு துணி சோப்பை எடுத்துக் கொடுத்து, "இதால கோடு போடு. கோடு கறுத்தா நிறுத்து" என்றார். ஆர்கானில் மின்னோட்டம் திசை மாறி மாறி ஓடித் தோலைக் கிழித்துக்கொடுக்கும், ஓரத்தில் வெள்ளையாகத் துலங்குவதைப் பார்த்துக்கொண்டே கம்பியை விடலாம். இருந்தாலும் அந்தச் சோப்பு இன்னும் பட்டறையில் கிடக்கிறது.

அப்புறம் வேலை ஓடியது. கோணாமல் இருக்க சேம்பரைத் தடித்த தகட்டில் போல்ட் போட்டு இறுக்கினேன். சிலிக்கான் கலந்த கம்பியால், இடம் மாற்றி மாற்றி, ஒவ்வொரு அங்குலமாக வைத்தேன். முடித்ததும் அரிசி மில்லில் வாங்கி வைத்திருக்கும் உமிச் சாம்பலில் புதைத்துவிட்டேன். சட்டென்று குளிர்ந்தால் பக்கத்திலேயே புது வெடிப்பு விடும். உமிச் சாம்பல் இரவு முழுக்கச் சூட்டைப் பிடித்து வைக்கும். காலையில் கண்ணாடிப் பலகை மேல் எமரித் தாள் விரித்து, இரண்டு பாதியும் சேரும் கேஸ்கெட் முகத்தை எட்டுப் போட்டுத் தேய்த்தேன். மறுபடி மண்ணெண்ணெய், மறுபடி சாக்பீஸ். காய்ந்தே இருந்தது.

பெரியவர் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "தழும்பு மாதிரி இருக்கே, வழவழன்னு ராவிடேன்" என்றார். ராவினால் பலம் போய்விடும் என்று மறுத்துவிட்டேன். ஒரு நாள் தாமதமானதால் கூலியிலும் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். அவர் கேட்கவில்லை, நான்தான்.

பங்குனியில் ஒரு மஞ்சள் பையில் உளுந்து கொண்டுவந்து கொடுத்தார். பையை உள்ளே வைத்துவிட்டு வந்து, வண்டிக்குப் பக்கத்தில் குந்திப் பார்த்தேன். சேம்பர் காய்ந்துபோய்ப் புழுதி படிந்திருந்தது. செயினைத் தொட்டேன், தொங்கியது. அறுந்த அதே செயின், புது லாக் ஒன்று போட்டுச் சேர்த்திருந்தார்.