மின்னேரியாக் குளத்தடியில் மூன்று நாள்

ஓகஸ்ட் 6, 2025, புதன் – வெள்ளவத்தை

வெள்ளிக்கிழமை நிக்கினிப் போயா, பௌத்தர்களின் பௌர்ணமி விடுமுறை. சனி, ஞாயிறையும் சேர்த்தால் மூன்று நாள் லீவு. அலுவலகத்தில் பக்கத்து மேசைத் தங்கச்சி மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், ஒருமுறை எங்கள் ஊருக்கு வாருங்கள் அக்கா என்று. மின்னேரியாக் குளத்தை ஒட்டிய கிராமம். தேசியப் பூங்காவின் எல்லை அவர்கள் வயலுக்குப் பின்னால்தான் ஓடுகிறதாம். ஒவ்வொரு முறையும் ஏதாவது சாட்டுச் சொல்லித் தப்பிவிடுவேன். இந்த முறை வாய் முந்திக்கொண்டு சரி என்றுவிட்டது.

அம்மாவுக்கு இரண்டு கவலை. ஒன்று யானை. மற்றது, நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் திருவிழாக் கொடி ஏறிவிட்டதால் தீர்த்தம் முடியும்வரை எங்கள் வீட்டில் மச்சம் மாமிசம் இல்லை. "அங்க போய் குளத்து மீன் எண்டு கையை வைச்சிடாத, சொல்லிப்போட்டன்."

ரயிலடிக்கு அவளுடைய தாத்தா வருவார் என்றேன். "வயசான மனுசனை ஏன் அலைக்கழிக்கிறாய்?" என்றார். யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா என்பது இன்னும் மனதில் நிற்பதில்லை.

ஓகஸ்ட் 8, வெள்ளி – குளத்தடி

விடியக் கோட்டை ரயில் நிலையத்தில் பாதிப்பேர் வெள்ளை உடுப்பு, விகாரைக்குப் போகிறவர்கள். மீதிப்பேர் எங்களைப்போல உதயதேவி ரயிலுக்கு நின்றவர்கள். மட்டக்களப்புச் சனம் சாமான் மூட்டைகளோடு ஏறிய வேகத்தில் எனக்கு யன்னலோரம் கிடைத்தது அதிர்ஷ்டம்தான்.

மாஹோ வரைக்கும் தென்னையும் தூக்கமும். ஹபரணைக்குப் பிறகு காடு தண்டவாளத்தை நெருங்கி வருகிறது. எதிரே வாழைச்சேனைக்குப் போகும் அம்மா ஒருவர் வெளியே பார்த்தபடி, "இதுக்குள்ளதான் பிள்ள அந்த ஆறு யானையும் அடிபட்டது" என்றார். இந்த வருடம் பெப்ரவரி 20, ஒரு ரயில் யானைக் கூட்டத்தில் மோதியது. பெட்டிகள் தடம் புரண்டாலும் பயணிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு இரவு ரயில்களை இந்தப் பகுதியில் மெதுவாக ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள். பேப்பரில் படித்தபோது அது ஒரு செய்தி. இங்கே இருந்து பார்த்தால் தண்டவாளத்துக்கும் மரத்துக்கும் இடையே ஒரு யானை திரும்பி நிற்கக்கூட இடம் இல்லை.

கல் ஓயா சந்தியில் பாதை பிரிகிறது. ஒன்று திருகோணமலைக்கு, மற்றது எங்களுடையது. ஹிங்குராக்கொடையில் இறங்கினேன். தாத்தா ஒரு ஓட்டோவோடு நின்றார். மெலிந்த மனிதர், சிரிப்பு மட்டும் பெரிது.

வீட்டின் பின்சுவரில் ஒரு ஆள் உயரத்துக்குக் கற்கள் வேறு நிறம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு யானை நெல் மூட்டைக்காக அந்த இடத்தை உடைத்து உள்ளே தும்பிக்கையை விட்டதாம். அன்றிலிருந்து இவர்கள் வீட்டில் நெல் வைப்பதில்லை. அறுத்த கையோடு, என்ன விலை சொன்னாலும் விற்றுவிடுகிறார்கள். நெல்லுக்குக் கொஞ்சம் பொறுத்திருந்து நல்ல விலை பார்க்கலாம் என்று கொழும்பில் நாங்கள் அலசுவதெல்லாம் அந்தச் சுவரைப் பார்க்காதவர்களின் கதை.

போயா நாள் என்பதால் அவர்களும் இன்று மரக்கறிதான். குளத்துத் தாமரைக் கிழங்குக் கறி, பருப்பு, சிவப்பரிசிச் சோறு. கிழங்கை வட்டமாக வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் கண் கண்ணாக ஓட்டை, அதற்குள் தேங்காய்ப்பால் ஊறி நிற்கிறது. இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

இரவு குளத்துக்கு மேல் நிலவு. படம் எடுத்தேன், போனில் ஒரு வெள்ளைப் பொட்டுத்தான் வந்திருக்கிறது.

ஓகஸ்ட் 9, சனி

காலையில் குளக்கட்டு. இதைக் கட்டுவித்தவன் மகாசேன மன்னன். மகாவம்சத்தில் இந்தக் குளத்தின் பெயர் மணிஹீர. பதினாறு குளம் கட்டியவன் என்று சொல்லி, ஊர்ச் சனம் அவனை மின்னேரியாத் தெய்வமாகக் கும்பிடுகிறது, கட்டருகே கோயிலும் இருக்கிறது. அதே மகாவம்சம்தான் கோகர்ணத்தில், அதாவது திருகோணமலையில், தேவர் கோயிலை இடித்தவனும் இவனே என்கிறது. தங்கச்சியின் அம்மா பூ வைத்துக் கும்பிட்டார். நான் கைகூப்பவும் இல்லை, முகம் திருப்பவும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் நின்றேன். ஆயிரத்து எழுநூறு வருடமாக நெல் விளைவிக்கிற தண்ணீருக்கு முன்னால் அவ்வளவு மரியாதை போதும் என்று பட்டது.

தாத்தா கையில் ஒரு தடி. அதால் சுட்டிக் காட்டியே பாடம் நடத்தினார். மாரியில் குளம் நிறைகிறது. கோடையில் விளையும் சிறுபோக வயலுக்குத் தண்ணீர் திறக்கத் திறக்க நீர் பின்வாங்குகிறது. அது விட்டுப்போன சேற்றில் புல் முளைக்கிறது, வேறெங்கும் காடு காய்ந்து கிடக்கும் மாதங்களில். அந்தப் புல்லைத் தேடித்தான் சுற்றியுள்ள காடுகளிலிருந்தெல்லாம் யானை வருகிறது. ஓகஸ்ட், செப்டெம்பரில் ஒரே நேரத்தில் நூறு, இருநூறு யானை நின்ற வருடங்கள் உண்டு. உலகம் முழுக்க ஆட்கள் வந்து பார்க்கும் அந்தப் பெரிய யானைக் கூட்டம், கடைசியில், வயலுக்குத் திறந்த தண்ணீரின் மிச்சம்தான்.

"தண்ணீர் இப்போது அங்கே நிற்க வேண்டும்" என்று தூரத்தில் ஒரு பட்டமரத்தைக் காட்டினார். நீர் அதையும் தாண்டி ஏறி நின்றது. அம்பன் கங்கையில், மேலே மொரகஹகந்தை நீர்த்தேக்கம் வந்த பிறகு, கோடையிலும் எலஹெரக் கால்வாய் வழியாக இங்கே தண்ணீர் விட முடிகிறது. அப்படி விட்டால் புல்தரை மூழ்கிவிடும். புல் இல்லாத யானை எங்கே போகும்? அவர் தடியைத் தன் வயல் பக்கம் திருப்பினார். அப்படியென்றால் தண்ணீர் விட வேண்டாம் என்று சொல்லலாமே என்றேன். என்னைப் பார்த்துச் சிரித்தார். "தண்ணீர் வேண்டாம் என்று எந்தக் கமக்காரன் மகளே சொல்வான்?"

பின்னேரம் அம்பகஸ்வெவ வாசலால் ஜீப்பில் பூங்காவுக்குள். 1997இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது, பரப்பு 8,800 ஹெக்டேயருக்குச் சற்று மேல். புள்ளிவிபரம் அவ்வளவு போதும்.

நான் எண்ணியது நாற்பத்துமூன்று யானை, பிறகு விட்டுவிட்டேன். ஜீப்புகள் அதைவிடக் கூட. எங்கள் சாரதி ஒரு தாயும் குட்டியும் நின்ற இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி எஞ்சினை நிறுத்தினார். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே வந்தது வீண்போகவில்லை. யானை புல்லை வெறுமனே பிடுங்குவதில்லை. முன்காலின் நகத்தால் அடிப்பக்கம் தட்டித் தட்டி வேரை இளக்குகிறது. தும்பிக்கையால் ஒரு பிடி சுருட்டி எடுக்கிறது. பிறகு, கீரைக்கட்டைக் கழுவுகிற ஆச்சிமார்போல, அதைக் காலில் இரண்டு மூன்றுதரம் அடித்து மண்ணை உதறிவிட்டுத்தான் வாயில் வைக்கிறது. குட்டிக்கு அந்த வித்தை இன்னும் வரவில்லை. ஒரேயொரு புல்லைத் தூக்கித் தலையில் போட்டுக்கொண்டது.

அதற்குள் இன்னொரு ஜீப் எங்களுக்கும் தாய்க்கும் நடுவே வந்து நின்றது. செல்பி. தாய் காதை விரித்துக் குட்டியை வயிற்றுக்கடியில் தள்ளியது. எங்கள் சாரதி சிங்களத்தில் ஒரு சொல் சொன்னார். இங்கே எழுதமுடியாது.

கொம்பன் ஒன்றையும் காணவில்லை. இலங்கையில் தந்தமுள்ள ஆண் யானை அபூர்வம். தந்தமில்லாத ஆணை நாங்கள் அலியன் என்போம், சிங்களத்தில் அலியா. ஒரே மிருகத்துக்கு இரண்டு வீட்டிலும் கிட்டத்தட்ட ஒரே பெயர்.

இரவுச் சாப்பாட்டுக்குத் திலாப்பியாப் பொரியல். அம்மாவின் குரல் காதில் கேட்டது. நல்லூர் என்று விளக்கினேன். தங்கச்சியின் அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது, நேற்றைய கிழங்கில் கொஞ்சம் எடுத்துச் சூடாக்கினார். மீன் வாசம்தான் கொடுமை.

அதே இரவு, பத்து மணி

மருத மரத்தில் கட்டிய பரணில் ஒன்பதுவரை இருந்தேன். பெண்கள் ஏறுவதில்லையாம், நான் கெஞ்சி ஏறினேன். கீழே நெல் முற்றிச் சாய்ந்து நிற்கிறது. அறுவடைக்கு வெட்டு மெசின் மேல்வயலிலிருந்து ஒவ்வொரு துண்டாக வந்துகொண்டிருக்கிறது. தாத்தாவின் முறை வர இன்னும் இரண்டு கிழமை ஆகும். அதுவரை ஒவ்வொரு இரவும் இங்கேதான்.

பையில் நான்கு யானைவெடி. டோர்ச்சின் வெளிச்சம் பத்து அடிக்கு மேல் போகாது. தூரத்தில் மின்வேலியின் 'டிக்... டிக்' சத்தம். அரசாங்க வேலி எல்லைக் கோட்டில் நிற்கிறது, அதற்கு அந்தப் பக்கமும் காடு, இந்தப் பக்கமும் காடு. யானை இரண்டு பக்கமும் இருக்கிறது. இவர்கள் பத்துக் குடும்பம் சேர்ந்து விதைப்புக்கு வயலைச் சுற்றித் தாங்களே ஒரு வேலி போடுகிறார்கள், அறுவடை முடியக் கழற்றிவிடுகிறார்கள். அதுதான் கொஞ்சமாவது வேலை செய்கிறது என்றார். காரணம் கேட்டேன். "அது பழுதானால் திட்டுவதற்கு எங்களைத் தவிர வேறு ஆள் இல்லையே."

எட்டரைக்கு வயலுக்கு அப்பால் ஒரு கிளை முறிந்தது. அவர் வெடியைக் கையில் எடுத்தார், கொளுத்தவில்லை. நாங்கள் மூச்சுவிடாமல் இருந்தோம். நிலவில் ஒன்றும் தெரியவில்லை. கால்மணி நேரம் கழித்துத் தேநீர்ப் போத்தலைத் திறந்து, "போய்விட்டான்" என்றார். எப்படித் தெரியும்? தவளை மறுபடி கத்தத் தொடங்கிவிட்டதாம்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

திரும்பும் ரயில். முழுக்கத் தூங்கினேன். நுளம்புக் கடி பதினேழு.

ஓகஸ்ட் 13, புதன் – கொழும்பு

மத்தியானம் புறக்கோட்டைக்குப் போய் ஒரு தலை லைட் வாங்கினேன், நெற்றியில் கட்டிக்கொள்வது. கடைக்காரர் சுவரில் அடித்துக் காட்டினார், பட்டப்பகலில் கண் கூசியது. அறுநூறு ரூபா குறைத்துத் தந்தார், அதற்கே அரைமணி நேரம். தங்கச்சியிடம் கொடுத்தேன், வார இறுதியில் ஊருக்குப் போகிறாள்.

ஓகஸ்ட் 25, திங்கள்

தீர்த்தம் முடிந்தது. வீட்டில் மீன் குழம்பு. அம்மா நன்றாகவே பரிமாறினார், எனக்குத்தான் திலாப்பியா ஞாபகம்.

தங்கச்சி இரண்டாவது முறையும் போய்வந்து கதை கொண்டுவந்தாள். மெசின் சனிக்கிழமை அவர்கள் வயலுக்கு வந்து முடித்துவிட்டது. கடைசி வாரத்தில் ஒரு மூலையில் கால் ஏக்கர் யானைக்குப் போனது, மிச்சம் தப்பியது. தலை லைட்டைத் தாத்தா ஒரே ஓர் இரவுதான் கட்டினாராம். அவ்வளவு வெளிச்சம் அடித்தால் யானைக்குக் கோபம் வரும், பழைய டோர்ச்தான் அதற்குப் பழக்கம் என்றிருக்கிறார். இப்போது அது அவர்கள் குசினியில், சாப்பாட்டு மேசைக்கு மேலே ஓர் ஆணியில் கொழுவியிருக்கிறது. கரண்ட் போனால் பாவிக்கிறார்களாம்.