டெலாக்ருவாவின் இரவு

மார்ச் 5

1832-இல் இதே தேதியில்தான் பிரெஞ்சு ஓவியர் யூஜின் டெலாக்ருவா மொராக்கோவின் டான்ஜியர் நகரிலிருந்து மெக்னெஸ் நகருக்குக் கிளம்பினார். 15-ஆம் தேதி போய்ச் சேரும்வரை பகலில் குதிரைப் பயணம், இரவில் கூடாரம். அப்போது அவருக்கு 33 வயது. 1830-இல் பிரான்ஸ் அல்ஜீரியாவின் அல்ஜியர்ஸைப் பிடித்திருந்தது. பக்கத்து நாடான மொராக்கோவின் சுல்தானைச் சமாதானப்படுத்த மோர்னே பிரபு தலைமையில் போன தூதுக்குழு அது. ஓவியர் கூடப் போனவர். அந்தப் பயணத்திலிருந்து பிறந்த படங்களின் அழகைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

மார்ச் 8

அவருடைய மொராக்கோ குறிப்பேடுகளின் படிகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பொடிப்பொடியாகப் பென்சில் கோடுகள், அங்கங்கே வாட்டர்கலர். ஒரு வாசல், ஒரு தலைப்பாகை, ஒரு சேணம். தீட்ட நேரம் இல்லாத இடத்தில் நிறத்தின் பெயரையே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். எதையும் விட்டுவிடக் கூடாதென்ற தவிப்பு பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

மார்ச் 11

இன்று முழுக்க ‘இரவில் அரபு முகாம்’ ஓவியத்தோடுதான் இருந்தேன். புடாபெஸ்ட் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வரைந்தது 1863-இல்! பயணம் முடிந்து முப்பது வருஷத்துக்கு மேல். நெருப்பைச் சுற்றி மனிதர்கள். வெளிச்சம் பட்ட பக்கம் மட்டும் துணியாக, உடலாகத் துலங்குகிறது. மற்ற பக்கம் இருட்டோடு கலந்துவிடுகிறது. குறிப்பேட்டில் அத்தனை ஆசையாகச் சேர்த்த பின்னலும் விளிம்பும் எங்கே? தேடத் தோன்றவே இல்லை.

இதற்கான பதில் 1853 அக்டோபரில் அவர் எழுதிய நாட்குறிப்பில் இருக்கிறது. சின்னச் சின்ன விவரங்கள் மறந்து, மனத்தைத் தொட்டதும் கவித்துவமானதும் மட்டும் மிஞ்சிய பிறகுதான் ஆப்பிரிக்கப் பயணத்திலிருந்து ஓரளவு தேறும்படியாக வரைய முடிந்தது என்கிறார். அப்படியானால் இரவுக்காட்சியைவிடப் பொருத்தமான விஷயம் அவருக்கு வேறென்ன? மறதி செய்யும் வேலையை இருட்டே செய்துவிடுகிறதே.

மார்ச் 12

அதே 1863-இல் வரைந்த ‘அரபு வரி வசூல்’ வாஷிங்டனில் இருக்கிறது. அது மலைச்சரிவில் நடக்கும் பட்டப்பகல் சண்டை, குதிரையோடு சாய்ந்த வீரன். அந்த ஆகஸ்ட் 13-இல் ஓவியர் இறந்துவிட்டார். கடைசி வருஷத்திலும் ஒரே கை அந்தச் சண்டையையும் இந்த நெருப்பையும் தீட்டியிருக்கிறது. இரண்டையும் ஒரே சுவரில் அடுத்தடுத்து மாட்டிப் பார்க்க வேண்டும்.