மூணு ரூபாய் ஹாய்

நேற்று ராத்திரி 11.45க்குச் சித்தி போன். அந்த நேரத்தில் சித்தி கூப்பிட்டால் ஒன்று தண்ணி லாரி வந்திருக்கணும், இல்லை சித்தப்பா வண்டிச் சாவியைத் தொலைத்திருக்கணும். ரெண்டும் இல்லை.

“கடை போன்ல ஆம்பளைங்களா வந்து ‘ஹாய்’னு போட்டுகினு கீறானுங்க. அந்த மாலா வேற ஒருத்தன் விடாம பதில் சொல்லிகினே கீறா. ஓனரு கதவ சாத்தினு தூங்கறாரு. இன்னான்னு பாரு.”

ஓனரு என்றால் தம்பி. மாலா என்றால் அவன் போன வாரம் கட்டிய ‘பாட்’, வாட்ஸ்அப்பில் தானாகப் பதில் சொல்லும் புரோகிராம்.

ஒன்றரை வருஷமாக மாலா இல்லாமல்தான் நைட்டி வியாபாரம் ஓடியது. எம்.சி. ரோட்டில் மூட்டையாக எடுத்து, கொருக்குப்பேட்டை வீட்டு ஹாலில் அடுக்கி, மொட்டை மாடிக் கொடியில் தொங்கவிட்டு போட்டோ பிடித்துப் போடுவது. பின்னால் பக்கத்து வீட்டு சின்டெக்ஸ் டேங்க் தெரியும். சித்தி எழுதும் விளம்பரமும் அவ்வளவுதான்: “காட்டன். 56 இன்ச் நீளம். பாக்கெட் கீது, போனு சாவி ரெண்டும் உள்ள போவும்.” இதில் மயங்கித்தான் மணலியிலிருந்து மார்த்தாண்டம் வரைக்கும் ஆர்டர் வந்தது.

தம்பிக்கு அந்த டேங்க் பிடிக்கவில்லை. ஒரு ஷீட் போட்டான். ஒவ்வொரு வரியிலும் நைட்டியின் கோட் நம்பர், நிறம், அளவு, எத்தனை பீஸ் இருக்கிறது என்பது. காலை 6 மணிக்கு அவன் எழுதிய ஸ்கிரிப்ட், அதாவது தானாக ஓடும் சின்ன புரோகிராம், ஒரு வரியை எடுக்கும். ஒரு பாட் வாசகம் எழுதும், இன்னொன்று படம் வரையும், ஸ்கிரிப்டே பேஸ்புக்கில் விளம்பரமாக ஏற்றிவிடும். நாள் பட்ஜெட் 300 ரூபாய், அதை நாலு ஆட் செட்டாக, அதாவது தனித்தனி பட்ஜெட்டில் ஓடும் விளம்பரக் கூறாகப் பிரித்து, தலைக்கு 75. விளம்பரத்தைத் தட்டினால் வாட்ஸ்அப் திறக்கும், அங்கே மாலா உட்கார்ந்திருக்கும். ராத்திரி 12 மணிக்குத் தீர்ப்பு: ஒரு மெசேஜுக்கு 15 ரூபாய்க்கு மேல் செலவாகும் விளம்பரத்தை நிறுத்து, 8 ரூபாய்க்குள் வந்தால் பட்ஜெட்டை இரட்டிப்பாக்கு.

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். இங்கேதான் குழி.

படம் வரைகிற ‘பாட்’டுக்கு இவன் கொடுத்தது ஒரே வார்த்தை: ‘நைட்டி’. அது படித்த உலகத்தில் நைட்டிக்கு வேறு அர்த்தம். வழவழ சாட்டின், தோளில் நூல் மாதிரி ஒரு பட்டை, பக்கத்தில் மெழுகுவர்த்தி, ஒரு கண்ணாடிக் கோப்பை. வாசகம் எழுதும் பாட் அதைப் பார்த்து உருகி, “உங்கள் இரவுகளை மயக்கும் மென்மை” என்று போட்டது.

சித்தி அதைப் படித்துவிட்டுக் கேட்டது: “நம்ம நைட்டிய ராத்திரி மட்டும் யாருடா போட்றா? காலைல கொடத்த தூக்கினு போறப்போ போட்றது, சாயந்தரம் மேல துண்டு போட்டுகினு மார்க்கெட் போவ போட்றது.” முழங்கை வரை கை, கணுக்கால் வரை நீளம், பூப்போட்ட காட்டன், வலது பக்கம் பாக்கெட் என்று எழுதியிருந்தால் ஓரளவு சரியான படம் வந்திருக்கும். அதை விட, விற்கிற துணியையே போட்டோ எடுத்துப் போடுவதுதான் உத்தமம். படத்தில் சாட்டினும் பார்சலில் காட்டனும் இருந்தால் அந்தப் பார்சல் திரும்பி வரும், ரெண்டு பக்க கூரியர் காசும் நம் தலையில்.

இப்போது கணக்கு. நாலில் ஒன்றாக ஓடிய பழைய மாடி போட்டோவுக்கு ஒரு மெசேஜ் 19 ரூபாய். ஆனால் ஆறு பேர் கேட்டால் ஒருத்தர் வாங்குவார், ஆக ஒரு ஆர்டருக்கு 114. மெழுகுவர்த்திக்கு ஒரு மெசேஜ் 3 ரூபாய், ஆர்டர் பூஜ்யம். தம்பியின் தீர்ப்பு ஆர்டரைப் பார்க்காது, மெசேஜ் விலையை மட்டும் பார்க்கும். முதல் ராத்திரியே சின்டெக்ஸ் டேங்க் அவுட். மெழுகுவர்த்தி 75, 150, 300, 600 என்று நாலே நாளில் மச்சுவீடு கட்டியது. மொத்தம் 1125, 18 சதவீத ஜிஎஸ்டியோடு 1327 ரூபாய் 50 காசு. வந்த ‘ஹாய்’ 375.

இதில் மெஷினைத் திட்டிப் பிரயோஜனமில்லை. மலிவாக மெசேஜ் வேண்டும் என்று கேட்டான். அது ஊரெல்லாம் சலித்து, மெழுகுவர்த்தியைப் பார்த்தால் ராத்திரி 11 மணிக்கு ‘ஹாய்’ போடுகிறவர்களாகப் பொறுக்கிக் கொண்டுவந்து கொட்டியது. “நான் பெண்கள்னுதான் போட்டேன்” என்றான் அப்புறம். போட்டிருந்தான், ஆனால் யாருக்குக் காட்டலாம் என்று யோசனை மட்டும் சொல்லும் ‘ஆடியன்ஸ் பரிந்துரை’ என்ற கட்டத்தில். பரிந்துரை என்றால் பரிந்துரைதான். வெளியே மலிவாகக் கிடைத்தால் அங்கே போய்விடும். கண்டிப்பான வடிகட்டி தனியாக இருக்கிறது, அதில் போடணும்.

நாலாகப் பிரித்ததும் தப்பு. யாருக்குக் காட்டினால் பலன் வரும் என்று ஒரு ஆட் செட் கற்றுத் தேற வாரத்துக்குச் சுமார் 50 பலன், அதாவது மெசேஜோ ஆர்டரோ நாம் கேட்டது, வேண்டும் என்பது பேஸ்புக்கின் கம்பெனியான மெட்டா சொல்லும் கணக்கு. ஆர்டரையே பலனாகக் கேட்டால், ஒன்று 114 ரூபாய் வீதம் 50 ஆர்டருக்கு 5700. நம் வார பட்ஜெட்டே 2100. அதை வேறு நாலு கூறு போட்டால் ஒன்றும் ஜென்மத்துக்கும் தேறாது. சின்னக் கடைக்கு ஒரே ஆட் செட், உள்ளே மூணு நாலு விளம்பரம் போதும். பட்ஜெட்டை ஏற்றினாலும் மூணு நாளுக்கு ஒருமுறை 20 சதவீதம் போல ஏற்றணும். தினம் இரட்டிப்பாக்குவது கந்துவட்டிக்காரன் கணக்கு.

இன்னொன்று, ஒத்தை நைட்டிக்கு விளம்பரமே கூடாது. கொள்முதல் 185, கூரியர் 55, கவர் 9. விற்பது 299க்கு. மிஞ்சுவது 50. அதற்கு 114 ரூபாய் விளம்பரமா? மூணு சேர்த்து 849 என்று விற்றால் கொள்முதல் 555, கூரியர் 80, கவர் 9 போக 205. ஜிஎஸ்டியோடு விளம்பரம் 134 ரூபாய் 50 காசு. கையில் 70 நிற்கும். சித்தப்பா இந்த 70 ரூபாயைக் கேட்டு ஐந்து நிமிஷம் சிரித்தார்.

ராத்திரிக் கதைக்கு வருவோம். 12 அடித்தால் 600 ரூபாய் 1200 ஆகிவிடும். கால் மணி நேரம்தான். “விளம்பரத்த நிறுத்திட்டேன்” என்றாள் சித்தி. பிரயோஜனமில்லை, ஏனென்றால் தம்பியின் ஸ்கிரிப்ட் முதலில் எல்லாவற்றையும் எழுப்பிவிட்டுத்தான் தீர்ப்பு சொல்லும். முதலில் ஸ்கிரிப்டை நிறுத்தணும், அப்புறம் விளம்பரத்தை, கடைசியாக மாலாவை. பாஸ்வேர்ட் தம்பியிடம். கதவைச் சித்தப்பா தட்டிய தட்டில் கீழ் வீட்டில் லைட் எரிந்தது. அவன் எழுந்து வந்து லேப்டாப்பைத் திறக்கும்போது 11.57. விளம்பர அக்கவுன்ட்டுக்கு மொத்தச் செலவு வரம்பு என்று ஒன்று இருக்கிறது, முதல் நாளே 1000 என்று போட்டிருந்தால் இந்தத் தட்டலே தேவைப்பட்டிருக்காது.

மாலா அதுவரை பேசியதைப் படிக்கணுமே! “வாடிக்கையாளரை ஒருபோதும் பதிலில்லாமல் விடாதே, ஒவ்வொரு பதிலையும் ஒரு கேள்வியோடு முடி” என்று அதற்கு உத்தரவு.

“சாப்டீங்களா?”

“சாப்பிட்டேன், நன்றி! உங்களுக்கு எக்ஸ்எல்லா, டபுள் எக்ஸ்எல்லா?”

“உங்க ஊர் எது மாலா?”

“நாங்கள் சென்னை! தமிழ்நாடு முழுக்க அனுப்புகிறோம். எந்த நிறம் பிடிக்கும்?”

ஒருத்தர் 46 மெசேஜ் பேசி, “எனக்காக 99க்கு குடு” என்றிருக்கிறார். மாலாவும் “உங்களுக்காகவே சிறப்புச் சலுகை” என்று கொடுத்துவிட்டது. விலையைப் ‘பாட்’டின் வாயில் விடவே கூடாது. அது ஷீட்டிலிருந்து அப்படியே வரணும். பாட் சுற்றி நாலு வார்த்தை பேசினால் போதும். 2024 பிப்ரவரியில் கனடாவில் ஒரு தீர்ப்பாயம், ஏர் கனடாவின் சாட்பாட் தப்பாகச் சொன்ன கட்டண விவரத்துக்கு அந்தக் கம்பெனிதான் பொறுப்பு என்று சொல்லி நஷ்ட ஈடு கொடுக்க வைத்தது. இதைச் சொன்னதும் சித்தப்பா, “அப்போ அந்த 99 ரூவா ஆளு நம்மள கோர்ட்டுக்கு இஸ்துகினு போவானா?” என்று சட்டையை மாட்ட ஆரம்பித்தார்.

சித்தி மட்டும் 375ஐயும் ஒவ்வொன்றாகப் படித்தாள். மளிகைச் சாமான் கட்டி வந்த பேப்பரையே முழுசாகப் படிக்கிறவள். 1 மணிக்கு மேல் ஒன்றில் நின்றாள்.

ஒருத்தர் மூணு தடவை கேட்டிருக்கிறார். அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார், தலை வழியாக மாட்ட முடியவில்லை, முழுசாகத் திறக்கிற மாதிரி நைட்டி இருக்கிறதா என்று. மூணு தடவையும் மாலா, “8 இன்ச் முன்பக்க ஜிப் நைட்டி இருக்கிறது! எக்ஸ்எல்லா, டபுள் எக்ஸ்எல்லா?”

காலையில் தையல் மெஷின் சத்தம். ஆயா படுத்திருந்த ரெண்டு வருஷத்தில் சித்திக்குக் கை பழகின வேலை. நைட்டியின் முதுகைக் கழுத்திலிருந்து கீழ் வரைக்கும் வெட்டி, ரெண்டு பக்கமும் துணி கொடுத்து, ஒன்றின் மேல் ஒன்று ஐந்து இன்ச் ஏறுகிற மாதிரி ஓரம் அடித்தாள். பட்டன் தோள் மேல்தான், முதுகில் ஒன்றும் கிடையாது. மல்லாந்து படுத்திருக்கிறவருக்கு அழுத்தி அழுத்திப் புண்ணாகிவிடும். நாடாவும் பக்கவாட்டில். முன்பக்கமாகக் கையை மட்டும் நுழைத்துத் தோளில் மாட்டினால் ஆச்சு, ஆளைத் தூக்க வேண்டாம். வலது பக்கப் பாக்கெட்டை என்ன நினைத்தோ அப்படியே விட்டுவிட்டாள்.

தம்பி டீயோடு வந்து உட்கார்ந்து, புது வடிகட்டி யோசித்துவிட்டதாகச் சொன்னான். முதல் மெசேஜ் வெறும் ‘ஹாய்’ என்று இருந்து, பேரும் ஆம்பளைப் பேராக இருந்தால் மாலா பதிலே சொல்லாது, நம்பரையும் பிளாக் பண்ணிவிடும்.

சித்தி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “அவரும் ‘ஹாய்’னுதாண்டா ஆரம்பிச்சாரு.”