பனியை எடை போட்டுப் பார்த்தேன்

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். மார்கழி பிறந்துவிட்டால் ராத்திரி வாசலுக்குப் போனாலே அம்மா, “பனி எறங்குது, தலையில துண்டப் போடு” என்பார். நிஜமாகவே மேலிருந்துதான் இறங்குகிறதா என்று அளந்து பார்க்க ரொம்ப நாளாக ஆசை. 1814-லேயே வெல்ஸ் என்ற லண்டன் மருத்துவர், கம்பளித் துணுக்குகளை இரவில் வெளியே வைத்துக் காலையில் எடை போட்டு இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கம்பளிக்குப் பதில் மருந்துக்கடைப் பஞ்சும், நகை நிறுக்கிற சின்ன டிஜிட்டல் தராசும் வாங்கினேன்.

முதல் இரவு வீண். பஞ்சைக் களத்து மண்ணிலேயே வைத்துவிட்டதால் தரை ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சியிருந்தது. அடுத்த இரவு பிளாஸ்டிக் ஷீட் விரித்து, 5 கிராம் பஞ்சை ஒரு சாண் அகலத்துக்குப் பரப்பி மூன்று இடத்தில் வைத்தேன். விடியற்காலை ஐந்தரைக்கு நிறுத்தபோது வெட்டவெளியில் இருந்தது 7.9 கிராம், ஸ்டூலுக்கு அடியில் இருந்தது 5.6. மூன்றாவதை அடியும் மூடியும் இல்லாத பழைய டிரம்முக்குள் வைத்திருந்தேன். அதற்கு நேர் மேலே வானம்தான், தடுக்க ஒன்றும் இல்லை. மழை மாதிரி விழுவதென்றால் அதிலும் 7.9 இருக்க வேண்டும். இருந்தது 6.2.

மூன்று இரவு திரும்பச் செய்தும் இதே கதைதான். மேகம் மூடிய ஓர் இரவில் மட்டும் வெட்டவெளிப் பஞ்சுகூட 5.7-ஐத் தாண்டவில்லை.

காரணம் வெப்பமானியில் தெரிந்தது. காற்று 21.5 டிகிரி, வெளியே கிடந்த எவர்சில்வர் தட்டு 18.5. திறந்து கிடக்கிற பொருள் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்து போகிறது. டிரம்மின் சுவரும் மேகமும் அதைத் தடுக்கின்றன. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும், 20 டிகிரியில் 17 கிராம்தான். குளிர்ந்த தட்டைத் தொட்ட காற்று, தாங்க முடியாததை அங்கேயே விட்டுவிடுகிறது. எந்தச் சூட்டில் விடும் என்று பார்க்க, சாயங்காலம் டம்ளர் தண்ணீரில் ஐஸ் போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தேன். வெளிப்பக்கம் வியர்த்தபோது 20 டிகிரி. தட்டு அதற்கும் கீழே போயிருந்ததே!

இடையில் தாளடி வயலில் ஒரு ஆச்சரியம். ஒரு குத்துப் பயிரை ராத்திரி பக்கெட்டால் மூடி வைத்தேன். காலையில் தாளின் பரப்பு காய்ந்திருந்தது, ஆனால் ஒவ்வொரு நுனியிலும் முத்து மாதிரி ஒரு சொட்டு. அது காற்றிலிருந்து வந்தது இல்லை. வேர் ஏற்றிய தண்ணீரைப் பயிரே நுனி வழியாக வெளியே தள்ளுகிறது. இத்தனை வருஷம் அதையும் பனி என்றே நினைத்திருந்தேன்.

தை முதல் வாரம் மூடுபனி. முந்தின நாள் தூறல், ராத்திரி வானம் வெளுத்துவிட்டது, மெல்லிய காற்று. அசைவே இல்லாவிட்டால் தரையும் புல்லும் நனைவதோடு சரி. லேசாகக் காற்று கலக்கினால் தரைக் குளிர் மேலே பரவி, பல அடி உயரத்துக்குக் காற்றே குளிர்கிறது. அப்போது நீராவி புகை, தூசி இவற்றின் துகள்களைப் பிடித்துக்கொண்டு அந்தரத்திலேயே துளியாகிறது. பாமணியாற்றுப் பாலம் கண்ணுக்கே தெரியவில்லை. அன்று ஸ்டூலுக்கு அடியில் இருந்த பஞ்சும் 6.4 கிராம். மூடுபனித் துளிகள் மிதந்துகொண்டே மெல்ல மெல்லக் கீழே வருகிறவை, நிஜமாகவே இறங்குகிறவை. கோலம் போட்டு முடித்து நிமிர்ந்த அம்மாவின் துண்டில், இழைக்கு இழை துளி கோத்திருந்தது.