அப்பாதான் அட்மின்

வீட்டில் ஒரு குபர்னெட்டிஸ் கிளஸ்டர் வைத்திருக்கிறேன், அதாவது பல கம்ப்யூட்டர்களைச் சேர்த்து நிரல்களை ஓட்டும் ஏற்பாடு. பெயர்தான் பெரிசு. செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே, இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் பழைய மினி பிசி இரண்டு, உள்ளே குபர்னெட்டிஸின் மெலிந்த வடிவமான கே3எஸ். அவ்வளவுதான். அதில் வீட்டுக்கென்றே ஒரு ஏஐ சாட் ஓட்டினால் என்ன என்று ஆசை வந்தது. மாதச் சந்தா கிடையாது, பேசுவது எதுவும் வாசலைத் தாண்டாது.

மாடலை ஓட்ட ஒல்லாமா, நாம் தட்டிப் பேசும் பக்கத்துக்கு ஓபன் வெப்-யூஐ. ஒல்லாமா 11434-ஆம் போர்ட்டில், அதாவது அந்த எண்ணுள்ள வாசலில், உட்கார்ந்திருக்கும். அதன் முகவரியை ஓபன் வெப்-யூஐயிடம் சொல்லிவிட வேண்டும். இங்கேதான் பலரும் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதிவிட்டு முழிப்பார்கள். கிளஸ்டரில் ஒவ்வொரு நிரலும் பாட் என்ற தனிக் கூட்டுக்குள் ஓடும். அதற்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்த பாடேதான், அடுத்த பாடில் இருக்கும் ஒல்லாமாவை அது எந்தக் காலத்திலும் பார்க்காது. ஒல்லாமாவுக்குக் கிளஸ்டருக்குள் வைத்த சர்வீஸ் பெயரைத்தான் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி பிவிசியும், அதாவது பாட் போனாலும் தரவு தங்கும் சேமிப்பிடமும், வேண்டும். இல்லையென்றால் பாட் ஒருமுறை செத்துப் பிழைத்தாலே 2 ஜிபி மாடலை முதலிலிருந்து இறக்க வேண்டியதுதான்.

கிளஸ்டரின் போர்ட்டை லேப்டாப்புக்கு இழுத்துத் தரும் போர்ட்-ஃபார்வர்ட் போட்டதும் என் லேப்டாப்பில் பக்கம் பளிச்சென்று வந்தது. ஹாலில் அப்பாவின் டேப்லெட்டில் வரவில்லை. வராதுதான், சும்மா போட்டால் அது 127.0.0.1-இல், அதாவது போட்ட லேப்டாப்புக்குள் மட்டும்தான் திறக்கும். அதனால் ஓபன் வெப்-யூஐயின் சர்வீஸை, வீட்டு நெட்வொர்க்கில் எல்லாருக்கும் திறக்கும் நோட்போர்ட்டாக மாற்றினேன். 30000 முதல் 32767 வரைதான் எண் தருவார்கள், அதில் 30080-ஐப் பிடித்து, முகவரியைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, மாடல் இறங்குவதைப் பார்க்க டெர்மினலுக்குத் திரும்பினேன்.

அப்பா தாலுகா ஆபீஸில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். படிவம் என்று ஒன்று கண்ணில் பட்டால் நிரப்பாமல் விடமாட்டார்.

ஓபன் வெப்-யூஐயில் முதலில் பதிகிறவர்தான் அட்மின். பின்னால் வருகிறவர்கள் எல்லாம் பெண்டிங். அட்மின் மனது வைத்தால்தான் உள்ளே போக முடியும். நான் பதிந்தபோது, கணக்கு நிலுவையில் இருக்கிறது, அட்மினைத் தொடர்புகொள்ளவும் என்று வந்தது. கீழே அப்பாவின் பெயர், இனிஷியலோடு.

"அப்பா, எனக்கு அப்ரூவல் குடுங்க."

"வரிசைப்படிதான் வரும்."

அம்மா உள்ளே போயாயிற்று. தங்கையும் போயாயிற்று. நான் மட்டும் நிலுவை.

"அவங்க முழுப் பேர் போட்டிருக்காங்க. இங்க ரூட்னு ஒருத்தன் நிக்கிறான். யாருடா அது?"

"நான்தாம்பா."

"அப்ப பேரைத் திருத்தி மறுபடி விண்ணப்பம் போடு."

கிளஸ்டர் என்னுடையது. பிவிசியை அழித்தால் அப்பாவின் பதவியும் சேர்ந்து போய்விடும். ஆனால் அதற்குள் அவர் தெருமுனைச் சாக்கடை அடைப்புக்கு மனு எழுத ஆரம்பித்திருந்தார். அழித்தால் அதுவும் போகும், பிறகு வீட்டில் யார் இருப்பது?

மாடலோ 3 பில்லியன் அளவுருக்கள் கொண்ட குட்டி, அதை வேகமாக ஓட்டும் ஜிபியு சிப்பும் இல்லை. தமிழில் ஒரு சொல்லைப் பல துண்டாக உடைத்துத்தான் அது எழுதும் என்பதால் ஆங்கிலத்தைவிட இன்னும் நிதானம். ஃபேன் இரைகிறது, எழுத்து சொட்டுகிறது. அப்பாவுக்கு அந்த வேகம் ரொம்பப் பிடித்துப்போனது. "எங்க டைப்பிஸ்ட்டும் இப்படித்தான், பதறாம அடிப்பாங்க." முதல் வரைவில் அந்தச் சாக்கடையைச் சுற்றுலாத் தலமாக மேம்படுத்த வேண்டும் என்று அது கேட்டிருந்தது. அப்பா கோபப்படவில்லை. "மறு வரைவு சமர்ப்பிக்கவும்" என்று ஒரு வரி தட்டி அனுப்பினார்.

அம்மாவுக்குத் தட்டுவதற்குப் பொறுமை இல்லை. மைக் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு, "இது வேலை செய்யலையே" என்றார். எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு இல்லாத முகவரிக்கு உலவி மைக்கைத் தராது.

"அதுக்கு ஒரு சான்றிதழ் வேணும்மா" என்றேன்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "என்ன சான்றிதழ்? இருப்பிடமா, வருமானமா?"

"சர்வருக்குப்பா. நாமளே ஒண்ணு தயார் பண்ணி, நாமளே கையெழுத்துப் போட்டுக்கலாம்."

"தனக்குத் தானே சான்றளிக்கிறதா? செல்லாதுடா அது. மேலதிகாரி ஒருத்தர் போடணும்."

போட்டுப் பார்த்தேன். உலவி சிவப்பு எச்சரிக்கையோடு அதையேதான் சொன்னது.