கேஸ் ஜெயித்தது, மனசு ஆறவில்லை

அட்வான்ஸைத் திருப்பித் தராத பழைய வீட்டுக்காரர் மேல், சின்னத் தொகை வழக்குகளுக்கான கோர்ட்டில் கேஸ் போட்டு ஜெயித்தேன். வக்கீல் வைக்கவில்லை. வக்கீல் இல்லாமலே போய் நிற்கலாம் என்பதுதான் இந்தக் கோர்ட்டின் அடிப்படையே, கலிபோர்னியாவில் விசாரணையின்போது வக்கீல் வந்து நமக்காகப் பேசவே முடியாது. ஆனால் "ஜெயிச்சாச்சே, சந்தோஷம்தானே?" என்று யாராவது கேட்டால் சட்டென்று ஆமாம் என்று சொல்ல வரவில்லை.

முந்தின ராத்திரி முழுக்க உட்கார்ந்து சுவர், சிங்க், பாத்ரூம் கதவு என்று எடுத்த படங்களை எல்லாம் பிரிண்ட் போட்டு, ஒவ்வொன்றின் பின்னாலும் தேதி எழுதி வைத்திருந்தேன். ஜட்ஜ் மூன்றாவது படத்தைத் தாண்டவில்லை. சாவி எப்போது கொடுத்தீர்கள், ரசீது இருக்கிறதா, அவ்வளவுதான். அந்த ஆள் போனில் என் அம்மாவை மரியாதையில்லாமல் பேசியதைச் சொல்ல வாயெடுத்தேன், "அது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லை" என்று முடித்துவிட்டார். பத்து நிமிஷத்தில் தீர்ப்பு.

எனக்கு முன்னால் ஒரு பெரியவர், வாஷிங் மெஷின் ரிப்பேர் தகராறு. இதே ஜட்ஜ்தான், அவரை முழுசாகப் பேசவிட்டு, அவருடைய பில்லையே எடுத்து வாரண்டி எந்த வரியில் முடிகிறது என்று விரல் வைத்துக் காட்டினார். பெரியவர் தோற்றார். வெளியே வந்து, "பரவாயில்லை தம்பி, சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு" என்றார். எனக்குப் பொறாமையாக இருந்தது, உண்மையாகவே.

வீட்டுக்கு வந்து இதைப் பற்றித் தேடிப் படித்தேன். தீர்ப்பு யார் பக்கம் என்பதைவிட, நம்மைப் பேசவிட்டார்களா, மரியாதையாக நடத்தினார்களா என்பதே மனசில் நிற்கிறது என்று டாம் டைலர் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர் பல வருஷமாகச் சொல்லிவருகிறார். கான்லி, ஓபார் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் இந்த மாதிரி கோர்ட்டுகளிலேயே உட்கார்ந்து கவனித்திருக்கிறார்கள்: ஒப்பந்தம், தேதி, ரசீது என்று பேசுபவர்களின் கதை எடுபடுகிறது, யார் யாரிடம் எப்படி நடந்துகொண்டார்கள் என்று பேசுபவர்களை நடுவிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அம்மா விஷயத்தில் எனக்கு நடந்தது அப்படியே அதுதான்.

அப்புறம் பணம். கோர்ட்டே வசூலித்துக் கொடுத்துவிடும் என்று நினைத்திருந்தேன், இல்லையாம், அதற்குத் தனியாக மனு, தனியாகக் கட்டணம். மெய்ன் மாநிலத்தில் மக்கீவன், மைமன் செய்து 1981இல் வெளியான ஆய்வில், சமரசம் பேசி முடித்த வழக்குகளில் சுமார் 70 சதவீதத்தில் முழுப் பணமும் வந்திருக்கிறது, தீர்ப்பு வாங்கியவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில்தான். சமரசத்துக்கு என்னையும் கேட்டார்கள். வீம்பில் முடியாது என்றேன்.

ஐந்து மாதமாகிறது, இரண்டு தவணை வந்திருக்கிறது. இப்போது வீட்டுக்காரர் போன் எடுப்பதில்லை. சம்பளத்தில் பிடிக்கச் சொல்லும் படிவம் மேஜை மேல் கிடக்கிறது, அதில் அவர் வேலை பார்க்கும் இடத்தின் முகவரி கேட்கிறார்கள். எனக்கு எங்கே தெரியும்?